முக்பிலின் வண்டியில் ஏறியவன்

முக்பில் செத்துப் பன்னிரண்டு நாளாகியும், "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் செத்தான் என்பது ஊருக்கே தெரியும். வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரதா சந்தைக்குக் கிளம்பினான். கிணற்று வளைவு தாண்டி இரண்டாவது மேட்டில் வானத்திலிருந்து ஒன்று வந்து விழுந்தது. வண்டியும் இல்லை, வெங்காயமும் இல்லை, முக்பிலும் இல்லை. அன்று சாயங்காலமே வானொலியில் ஒருத்தன், "தீவிரவாதிகள் இருவர் பலி" என்று வாசித்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் பந்தாட்டச் செய்திக்குப் போய்விட்டான்.

"தீவிரவாதியா?" என்று கத்தினாள் முக்பிலின் மனைவி துர்ரா. "அடப்பாவி! ஆடு அறுக்கறப்பவே மூஞ்சியத் திருப்பிக்கிற மனுசன்டா அவரு!" வானொலிக்கு அது கேட்கவா போகிறது? ஆனாலும் கத்தினாள்.

செத்த இருவரில் இன்னொருவன் வெளியூரான். கிணற்றடியில் கைகாட்டி ஏறினான். தேன் வியாபாரி, ரதாவுக்குப் போகணும் என்று அவன் முக்பிலிடம் சொன்னதைத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். வண்டியில் ஏறியவன் வழித்துணை. வழித்துணையின் உயிருக்கு ஏற்றிக்கொண்டவனுடைய குலமே பொறுப்பு. அதனால் குலத் தலைவர் ஷேக் நாஜி இரண்டு ஆட்களைத் தேன் கடைகளுக்கு அனுப்பி, இவன் யார் பெற்ற பிள்ளை என்று ஊர் ஊராக விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. கிடைத்ததைச் சேர்த்து முக்பிலின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். தன் புருஷனுக்கு அழுத வாயாலேயே துர்ரா அவனுடைய தாய்க்கும் அழுதாள். எந்த ஊரில் எவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்து நினைத்து அழுதாள்.

நான்காம் நாள் தலைநகரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி வந்தான். "தவறுதலா நடந்திருக்கலாம்" என்றான். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா என்றார் ஷேக். அதெல்லாம் முடியாது, பேசாமல் இருந்தால் ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த உறையைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். துர்ரா அந்த உறையை மாடி ஜன்னல் வழியாக அவன் காரின் மேலேயே எறிந்தாள். இந்த மலைகளில் கொலைகாரனுக்குக்கூட ஒரு மானம் உண்டு. கொன்றால் வந்து பெயர் சொல்லி நிற்பான். துப்பாக்கியைக் கீழே வைத்து, தீர்ப்பு என்னவோ சொல்லுங்கள் என்பான். மேலே வண்டு மாதிரி இரைந்துகொண்டே சுற்றுகிற அந்த ஆளில்லா விமானத்துக்கோ, அதைக் கடலுக்கு அப்பாலிருந்து ஓட்டுகிறவனுக்கோ அந்த மானம் இல்லை.

ஐந்தாம் நாள்தான் அபூ யமான் வந்தான்.

மலைக்கு மேலே கறுப்புக் கொடி கட்டியிருப்பவர்களில் ஒருவன். ஒரு ஆடும் அரிசி மூட்டையும் கொண்டுவந்தான். முக்பிலின் மகன் ஹிஸாமின் கையைப் பிடித்துக்கொண்டு, "முக்பில் பின் ஸாலிஹ் பின் அர்ஹபுக்கு அல்லாஹ் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்" என்றான். தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் சேர்த்து அந்த மனுஷனை முழுசாகச் சொன்ன முதல் வெளியாள் அவன்தான். கண்ணும் கலங்கினான். பொய்க் கண்ணீர் என்று சொல்ல முடியாது. அவனுடைய தம்பியும் இப்படித்தான் போனானாம். அதற்குப் பிறகு தினமும் வந்தான். மூன்று நாள் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதுதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம்.

ஹிஸாம் துர்ராவின் ஒரே மகன். இருபது வயது. ஏடன் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததில் ஆங்கிலம் நன்றாக வரும். தகப்பன் செத்த அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, அந்த வண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"போறேன் உம்மா."

"எங்க?"

"வண்டு அனுப்பினவங்க ஊருக்கு. பாஸ்போர்ட், பயணம் எல்லாம் அபூ யமான் பாத்துக்கறாராம். இன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுட்டுக் கிளம்பறோம்."

"போயி?"

அவன் சுவரைப் பார்த்தான். "ரயில் ஸ்டேஷன்ல கூட்டமா இருக்கும்."

துர்ரா சோளக்களியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் கரண்டியாலேயே அவனை அடித்துவிடுவோமோ என்று பயந்தாள்.

"கூட்டத்துல யாரு இருப்பா?"

"அவங்கதான்."

"அந்தப் பட்டனை அமுக்கினவன் இருப்பானா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா? வாப்பா வண்டியில தீவிரவாதி இருக்கலாம்னுதான்டா அவனும் அமுக்கினான்!"

"அவங்க எல்லாரும் வரி கட்டறாங்க உம்மா. அந்தக் காசுலதான் அது பறக்குது. அங்க எவனும் நிரபராதி கிடையாது."

"இது உன் பேச்சு இல்ல. எவனோ மென்னு உன் வாயில துப்பினது." களியை இறக்கி டமாலென்று வைத்தாள். "ஏன், நாம கட்டலியா? சந்தையில மூட்டைக்கு மூட்டை கட்டறோமே! அதை வாங்கித் தின்ன தலைநகரத்துக்காரன்தான் நம்ம வானத்தை அவனுக்குத் தொறந்துவிட்டான். அப்ப வாப்பாவும் நிரபராதி இல்லையா? சொல்லுடா!"

ஹிஸாம் சுவரிலிருந்து திரும்பினான். "அப்ப வாப்பா செத்தது செத்ததுதானா? பன்னண்டு நாளாச்சு. ஒரு நாயாவது தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லிச்சா? நாம செத்தா அது செய்தியே இல்ல உம்மா. அவங்க செத்தாத்தான் உலகம் திரும்பிப் பாக்குது. பாக்கட்டுமே! ஏன்டா இவன் இப்படிப் பண்ணினான்னு ஒருத்தனாவது கேக்கட்டும்!"

"கேக்கமாட்டான்டா. இன்னும் நாலு வண்டு அனுப்புவான்."

"அனுப்பட்டும்."

அவன் போய்விட்டான். துர்ரா அப்படியே உட்கார்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவன் சொன்னதில் பாதி அவள் நெஞ்சில் கிடந்த அதே வார்த்தைதான். வண்டை ஓட்டுகிறவன் ஊர் பற்றி எரியட்டும் என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்தே கேட்டவள் அவள். கேட்டதற்கு வெட்கப்படவும் இல்லை. ஆனால் எரிப்பதற்குத் தன் பிள்ளையை விறகாகக் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. இருந்ததே இரண்டு பேர். ஒருத்தனை வானத்து வண்டு எடுத்துக்கொண்டது, மிச்சம் இருப்பவனை இந்த அபூ யமான் எடுத்துக்கொண்டு போவானாம். அட, என்ன நியாயம் இது!

மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் மாடிக் கூடத்தில் கூடினார்கள். எட்டு ஒன்பது பேர். எல்லாருடைய கன்னத்திலும் போதைக்கு மெல்லுகிற காத் இலை உருண்டையாக ஒதுங்கியிருந்தது. துர்ரா, புருஷன் செத்த துக்கத்துக்கான இத்தாவில் இருப்பவள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஹிஸாம் சின்னப் பையைக் கட்டிக்கொண்டு வந்து அபூ யமானின் பக்கத்தில் உட்கார்ந்ததைத் திரையின் ஓரத்தில் பார்த்தாள். மடியில் ஒரு புதுத் துப்பாக்கி வேறு. அதுவும் அபூ யமான் கொடுத்ததுதான்.

குலத்துப் பையனைக் குலத்தின் சம்மதம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் சண்டை வரும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம். ஷேக் நாஜி இரண்டு பக்கமும் தலையாட்டியே இருபது வருஷம் ஷேக்காக இருந்தவர். மலைமேல் இருப்பவர்களிடம் துப்பாக்கி இருந்தது, தலைநகரத்தில் இருப்பவர்களிடமும் இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

"பையனுக்குக் கோவம் இருக்கு, நியாயம்தான்" என்று இழுத்தார். "ஆனா முக்பில் எங்க ஆளு. அவன் ரத்தத்தைக் கேக்கறது எங்க பாத்தியதை. நடுவுல நீங்க எப்படி?"

"அந்தப் பாத்தியதை எங்களுக்கும் இருக்கு ஷேக்." அபூ யமான் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி குரலை உயர்த்தினான். "இன்னிக்குச் சொல்லிடறேன். தேன் வியாபாரின்னு நீங்க பொதைச்சீங்களே, அவரு தேன் வியாபாரி இல்ல. எங்க தளபதி. மூணு வாரமா அந்த வண்டு அவரு தலைக்கு மேலதான் சுத்திக்கிட்டிருந்துது. ஒரு வண்டியில ஏறுவாரு, பாதியில இறங்கி வேற வண்டிக்கு மாறுவாரு. முக்பிலோடது அஞ்சாவது வண்டி. அவரைச் சொமந்த பாக்கியம் உங்க முக்பிலுக்குக் கெடைச்சுது. உங்க ரத்தமும் எங்க ரத்தமும் ஒரே மண்ணுல கலந்து கெடக்கு. இதைவிடப் பாத்தியதை வேணுமா?"

கூடம் அழுதுகொண்டே தன்னைக் கட்டிப்பிடிக்கும் என்று அவன் நினைத்தான். ஒருத்தரும் அசையவில்லை. மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது.

அவனும் இந்த மலையில் பிறந்தவன்தான். ஆனால் மேலே ஏறின அன்றைக்கே குல வழக்கத்தையெல்லாம் அழுக்குத் துணியாக உருவிப் போட்டுவிட்டுப் போனவன். இல்லையென்றால் இதைப் போய்ப் பெருமை என்று இந்தச் சபையில் சொல்வானா? பகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறவன் அடுத்தவன் வண்டியில் கால் வைக்கும் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். என் தலைக்கு மேல் சாவு சுற்றுகிறது, ஏற்றிக்கொள்வாயா என்று கேட்க வேண்டும். ஏற்றிக்கொண்டால் அது அவனுடைய ஆண்மை, மறுத்தால் அவனுடைய உரிமை. மறைத்து ஏறி, இடம் கொடுத்தவனைச் சாகக் கொடுத்தால் அதற்குப் பெயர் கறுப்பு இழிவு. கொலைக்குக்கூட இங்கே சமாதானம் உண்டு, கறுப்பு இழிவைச் செய்தவனோடு ஒரே தட்டில் எவனும் சாப்பிடமாட்டான்.

திரை விலகியது.

துர்ரா உள்ளே வந்தாள். ஆண்கள் பதறிப்போய்த் தலையைக் குனிந்தார்கள். அவள் தலையில் போட்டிருந்த பெரிய முக்காட்டுத் துணியை உருவி, உள்ளே கட்டியிருந்த தலைத்துணியோடு நின்று, அதைச் சபையின் நடுவில் வீசி எறிந்தாள். காத் இலைகளின் மேலே அது போய் விழுந்தது. ஒரு பெண்ணின் முக்காடு சபையில் விழுந்தால், அவளுக்குப் பதில் சொல்லாமல் குலத்தான் எவனும் எழுந்து போக முடியாது. அந்த ஊரில் அப்படி விழுந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

"இத்தாவுல இருக்கற பொம்பள சபைக்கு வரதா?" அபூ யமான் முகத்தைச் சுளித்தான். "இது ஹராம்."

"ஆமா, இத்தாதான். யாரால? உங்க தளபதியாலதான் நான் இந்த இத்தாவுல உக்காந்திருக்கேன்!" அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "வண்டு தலைக்கு மேல இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அதைத்தானே சொன்னேன்."

"எம்புருசன்கிட்ட சொன்னானா?"

"சொன்னா ஏத்திக்கிட்டிருப்பாரா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மூலையில் இருந்த ஒரு கிழவர், "யா ஸத்தார்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டீங்கள்ல?" துர்ரா சபையைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுட்டீங்கள்ல? அந்தப் பாவியோட தாய்க்கு நான் அழுதேனே, ஐயோ, நான் அழுதேனே! ஷேக், இவன் என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் பிள்ளை பக்கத்துல உக்காந்து ஏழு நாளா ஆறுதல் சொன்னான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே சொன்னான். இவன் இடுப்புக் கத்தியை அவுத்து வைக்கச் சொல்லுங்க. தீர்ப்புக்கு நிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் ஷேக்கைப் பார்த்தார்கள். நாஜி கன்னத்தில் இருந்த இலையை எச்சில் செம்பில் துப்பினார். இருபது வருஷமாக இரண்டு பக்கமும் ஆடிய தலை ஒரு பக்கமாக நின்றது.

"கத்தியை வை அபூ யமான்."

"இந்தக் காட்டுமிராண்டி வழக்கமெல்லாம் எங்ககிட்ட கெடையாது. எங்களுக்கு அல்லாஹ்வோட சட்டம் ஒண்ணுதான்."

"அல்லாஹ்வோட சட்டத்துல பொய் சொல்லி வண்டி ஏறலாம்னு இருக்கா?" என்றார் ஷேக். "எந்தப் பக்கத்துல இருக்கு? எடுத்துக் காட்டு, நானும் ஓதிப் பாக்கறேன்."

அத்தனை பேரின் கையும் இடுப்புக் கத்திக்குப் போயிருந்தது. அபூ யமான் கணக்குப் போட்டான். கீழே காரில் ஒரே ஒரு ஆள். எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"தம்பி, எந்திரி. கெழவங்களும் பொம்பளைங்களும் இப்படியே பேசிக்கிட்டு இருக்கட்டும். உன் வாப்பாவோட ரத்தம் உன்னைக் கூப்பிடுது. வா, போவோம்."

ஹிஸாம் எழுந்தான். பையும் துப்பாக்கியும் கையில் இருந்தன. ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்ளலாம் என்று துர்ராவுக்குத் தோன்றியது. கட்டிக்கொள்ளவில்லை. கட்டிப்போட்டு வைத்த பிள்ளை நாளைக்கு அவிழ்த்துக்கொண்டு போவான் என்று அவளுக்குத் தெரியும். இது அவனே முடிவு செய்ய வேண்டியது.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் ஹிஸாம், அபூ யமானிடம். "மொதல் நாள் என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதீங்களே. அப்பவே இது தெரியுமா?"

"பெரிய போருல இதெல்லாம்..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

ஹிஸாம் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். "மேல இருந்து பாத்தவனுக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கும் தெரியும். வண்டி ஓட்டின எங்க வாப்பாவுக்கு மட்டும் தெரியாது." துப்பாக்கியை அவன் காலடியில் போட்டான். "எடுத்துக்கிட்டுப் போங்க. ஆறாவது வண்டி நான் இல்ல."

அபூ யமான் குனிந்து எடுத்துக்கொண்டான். "கோழை" என்றான். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் சொன்னான். "சொல்றோம், நீ மொதல்ல உன் பதிலைச் சொல்லிட்டுப் போ" என்று துர்ரா படிக்கட்டு வரை அவன் பின்னாலேயே போனாள். கார் கிளம்பின சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஹிஸாம் உடைந்தான். சுவரில் கையால் குத்தினான், தோல் உரியும் வரை குத்தினான். "அப்ப நான் யாரைத்தான் கொல்றது? சொல்லு உம்மா, யாரைக் கொல்றது? எனக்கு இந்தக் கையை என்ன பண்றதுன்னு தெரியலியே!" பன்னிரண்டு நாள் அழாதவன் பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்து அழுதான். பெரிய மனிதர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துர்ரா அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"உன் கோவத்தை நான் அவிச்சுப்போடச் சொல்லலடா" என்றாள் கடைசியில். "எனக்கும் அவியல. ஆனா அது நம்மளது. கண்டவன் வந்து தூக்கிக்கிட்டுப் போக அது என்ன தெருவுல கெடக்கற சாமானா?"

மறுநாள் காலையில் ஷேக் நாஜி முத்திரையோடு வந்தார். மலைமேல் இருப்பவர்களுக்கு வழக்குத் தாள் அனுப்ப வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் துர்ரா. ஹிஸாம் துணி சுற்றிய கையில் பேனாவோடு நடுவில் உட்கார்ந்தான்.

"எதிராளி பேரு, தளபதியை அனுப்பின கூட்டம்னு எழுது" என்றார் ஷேக்.

"நில்லுங்க" என்றாள் துர்ரா. "எதிராளி ரெண்டு பேரு. அந்த வண்டை அனுப்பின தேசத்தையும் எழுது."

"அதுக்கு வேற தாள் எழுதலாம் தங்கச்சி."

"வேற தாள் எதுக்கு? ரெண்டு பேரும் சேந்துதானே கொன்னாங்க? ஒருத்தன் அடையாளம் காட்டின மாதிரி ஏறி உக்காந்தான், ஒருத்தன் யாரு கூட இருக்கான்னு பாக்காம அமுக்கினான். ஒரே தாள்ல ரெண்டு பேரையும் எழுது. பக்கத்துல பக்கத்துல எழுது. இவன் பேரைப் பாத்து அவனுக்கும், அவன் பேரைப் பாத்து இவனுக்கும் எரியட்டும்."

ஷேக் சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரித்துவிட்டு இருமினார். ஹிஸாம் அரபியில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதினான். எழுதிக்கொண்டே கேட்டான். "'தயவுகூர்ந்து விசாரிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்'னு போடட்டுமா? அவங்களுக்கு அப்படித்தான் எழுதணும்."

"தயவா? நம்ம வீட்டுச் சாவுக்கு எவன்கிட்டடா தயவு? முக்பிலைக் கொன்னது நீ. வந்து சபையில நில்லு. அவ்வளவுதான் எழுது."

அவன் எழுதினான். அடியில் ஷேக் முத்திரை குத்தினார். ஹிஸாம் தாளைக் காயவைத்தான்.

"பதில் வராது உம்மா."

"தெரியும். திரும்ப எழுது."

"அப்பவும் வரலேன்னா?"

"அப்பவும் எழுது."

"எழுதிக்கிட்டே இருந்தா என்ன கெடைக்கும்?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "எழுதறதுக்கு நீ இங்க இருப்பேல்லடா."